வெறும் பேணியில் கைவேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடி வெறும் பேணிகளில் கைவேலை செய்கிறோம். மீன் ரின், ரின்பால் பேணி, சப்பாத்துப் பொலிஷ் டப்பி என்று கையில் அகப்படுவதை எல்லாம் கொண்டு வருவார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கோவில் வீதியிலும் பஸ்ஸிலும் மறித்துக் கேட்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்று, அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி எண் போட்டு வைத்திருக்கிறேன்.

1. எந்தப் பேணியை எடுக்கலாம்? வீட்டில வாறது எல்லாமே சரியா?

பெரும்பாலும் சரி. 425 கிராம் மீன் ரின்னும் ரின்பால் பேணியும் பழகுவதற்கு மிக நல்லவை. அளவு கைக்கு அடக்கம், தகரம் மெல்லியது, எந்த வீட்டிலும் கிடைக்கும். குழந்தைப் பால்மாப் பேணி, தேயிலை வரும் மூடி போட்ட பேணி, பிணைச்சல் வைத்த மிட்டாய்ப் பேணி, தலையிடிக்குப் பூசுகிற பாம் டப்பி எல்லாமே பயன்படும்.

தொடவே கூடாதவையும் உண்டு. நுளம்பு மருந்து, வாசனை, பெயின்ற் அடிக்கிற ஸ்பிரே பேணிகளை வெட்டவோ குத்தவோ கூடாது. தீர்ந்துவிட்டது என்று நினைத்தாலும் உள்ளே அமுக்கம் மிஞ்சியிருக்கும், எரியும் வாயுவும் இருக்கும். அடுத்தது வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினி, களைநாசினி வந்த பேணிகள். தம்பலகாமம், மூதூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் அழகான பெரிய பேணி என்று கொண்டு வருவதுண்டு. நான் படலையிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். எத்தனை தரம் கழுவினாலும் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க மாட்டேன். கடையில் வாங்கும்போதே ஊதிப்போயிருக்கிற மீன் ரின்னைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே நஞ்சாகியிருக்கலாம்.

2. இது தகரமா அலுமினியமா எண்டு எப்பிடித் தெரியும்?

ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய துண்டே போதும். ஒட்டினால் அது உருக்குத் தகடு, மேலே மெல்லிய வெள்ளீயப் பூச்சு. மீன் ரின்னும் பால்மாப் பேணியும் அந்த இனம். ஒட்டாவிட்டால் அலுமினியம். சோடா கான்கள் அந்த வகை.

இதைத் தெரிந்துகொண்டால்தான் மற்ற எல்லாம் சரியாக வரும். தகரம் கறள் பிடிக்கும், ஆனால் பற்றவைக்கிற ஈயம் (சோல்டர்) அதில் பற்றும். அலுமினியம் அப்படிச் சிவந்து கறள் பிடிக்காது, வீட்டுக் கத்தரிக்கோலுக்கே வெட்டுப்படும், ஆனால் சாதாரண ஈயம் அதில் பிடிக்காது. பூ, இலை, வண்ணத்துப்பூச்சி வெட்ட அலுமினியம், நின்று பிடிக்கிற சாமானுக்குத் தகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. விளிம்பு வெட்டுது அக்கா. எப்பிடி மழுக்கிறது?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முதலில் தீர வேண்டியது. விளிம்பு முடியாத பேணிக்கு எங்கள் விறாந்தையில் பெயின்ற் கொடுப்பதில்லை. பூ ஒட்டுவதும் இல்லை. வடிவாக்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கைத்திறப்பானால் மூடியை வெட்டும்போது, தொடங்கின இடமும் முடிந்த இடமும் சேர்கிற மூலையில் ஒரு பல் நீட்டிக்கொண்டு நிற்கும். கை வெட்டுவது அநேகமாக அந்தப் பல்லில்தான். தட்டைக் குறட்டால் அதைப் பிடித்து உள்சுவரோடு சேர்த்து அமத்துங்கள். பிறகு சுற்றிவர உள்விளிம்பு முழுவதையும் அதேபோல் கொஞ்சம் கொஞ்சமாக நெரித்து வாருங்கள். அதன்பின் அரைவட்ட அரத்தின் வளைந்த பக்கத்தால் ஒரே திசையில் உராய்த்து, கடைசியில் சான்ட் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அரம் போகப் போகச் சத்தம் மாறும். கரகரப்பு நின்று வழவழவென்று ஓடினால் அந்த இடம் முடிந்தது.

சரிபார்க்க விரலைப் போடாதீர்கள். ஒரு துண்டுப் பஞ்சை எடுத்து விளிம்பு முழுக்க இழுத்துப் பாருங்கள். எங்கே நூல் பிடிக்கிறதோ அங்கே இன்னும் கூர் இருக்கிறது. பஞ்சு ஒரு இழைகூடச் சிக்காமல் சுற்றி வந்தால் பிள்ளையிடம் கொடுக்கலாம்.

நடுவே வெட்டிக் குட்டையாக்கிய பேணி என்றால் அரம் மட்டும் போதாது, மடிக்க வேண்டும். வெட்டிய ஓரத்திலிருந்து அரை சென்ரிமீற்றர் தள்ளிக் கோடு கீறி, அந்தக் கோடு வரைக்கும் விரல் அகலத்துக்கு ஒரு சின்ன வெட்டு விடுங்கள். ஒவ்வொரு துண்டையும் ஒரேயடியாக மடிக்காமல், முதல் சுற்றில் கொஞ்சம், இரண்டாம் சுற்றில் பாதி, மூன்றாம் சுற்றில் முழுதாக உள்ளே மடித்துச் சுத்தியலால் தட்டி ஒட்டவையுங்கள். தட்டும்போது பேணியை உலக்கை நுனியில் கவிழ்த்து வைத்தால் ஆடாது.

4. கறள் பிடிச்ச தகரம் குத்தினா ஏற்பு வருமெண்டு அம்மா சொல்றா. உண்மையா?

அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காரணம் கறள் இல்லை. ஏற்பு வலியை, அதாவது ரெற்றனசைக் கொண்டுவரும் கிருமி மண்ணிலும் சாணியிலும் இருக்கிறது. வெளியே கிடந்து கறள் பிடித்த பேணியில் மண்ணும் ஒட்டியிருக்கும், ஆழமாகக் குத்தினால் கிருமி உள்ளே போய் மூடிக்கொள்ளும். பளபளப்பான புதுத் தகரமும் மண்ணில் கிடந்திருந்தால் ஆபத்து ஒன்றேதான்.

வெட்டினால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். காயம் ஆழமென்றால், அல்லது ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளை அப்பிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். கிணற்றடியிலும் குப்பை மேட்டிலும் பொறுக்கிய பேணியைவிட, உங்கள் குசினியில் திறந்து உடனே கழுவிய பேணியே நல்லது என்று நான் சொல்லுவதும் இதனால்தான்.

5. மீன் மணம் போகுதில்லை. என்ன செய்யலாம்?

மணம் தங்குவது எண்ணெயில். எண்ணெய் ஒளிவது அடிமடிப்பிலும் பக்கத்துக் கோடுகளிலும். திறந்த உடனே சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் விட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் அந்தக் கோடுகளைத் தேயுங்கள். அப்பச்சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி ஓரிரவு விட்டால் மிச்சமும் போகும். பிறகு வெயிலில் கவிழ்த்து வைக்காமல் நிமிர்த்திக் காயவிடுங்கள், உள்ளே வெயில் படட்டும்.

தேசிக்காய் தேய்க்கலாம், ஆனால் ஊறவிட வேண்டாம். புளிப்பு வெள்ளீயத்தை அரிக்கும். வினாகிரிக்கும் இதே கதைதான்.

6. லேபலைக் கிழிச்சாலும் பசை போகாமல் ஒட்டிக்கொண்டு நிக்குது.

வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துக் கடதாசியை உரியுங்கள். மிஞ்சும் பசையில் தேங்காயெண்ணெயும் அப்பச்சோடாவும் சம அளவில் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரம் விட்டுத் துணியால் துடைத்தால் உருண்டு வரும். மண்ணெண்ணெயும் எடுக்கும். எதைப் பூசினாலும் கடைசியில் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய் இருந்தால் பெயின்ற் நிற்காது.

7. கடற்கரைப் பக்கம் வீடு. ரெண்டு மாசத்தில கறள் பிடிச்சிடுது. கூரைத் தகரம் மட்டும் ஏன் பிடிக்குதில்லை?

நல்ல கேள்வி. கூரைத் தகடும் உருக்குத்தான், ஆனால் அதன் பூச்சு நாகம், அதாவது சிங்க். மீன் ரின்னின் பூச்சு வெள்ளீயம். இரண்டும் வேறு வேறு விதமாக நடக்கின்றன. கீறல் விழுந்து உருக்கு வெளியே தெரிந்தால், நாகம் தான் முதலில் அரிபட்டு உருக்கைக் காப்பாற்றும். வெள்ளீயம் அப்படியில்லை. அது உருக்கைவிட உறுதியானது, அதனால் தான் நின்றுகொண்டு உருக்கை முதலில் அரிபட விடும். வெள்ளீயப் பூச்சு முழுதாக இருக்கும்வரை பேணிக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கீறல், ஒரு வெட்டு, ஒரு ஆணித்துளை போதும், அங்கேயிருந்து கறள் கிளம்பும். நாம் செய்யும் கைவேலை எல்லாமே வெட்டும் துளையும்தானே.

இதற்குமேல் நமது கடற்காற்று. டச்சுக்குடா, சல்லி, நிலாவெளி என்று கடலைப் பார்த்த வீடுகளில் உப்பு எல்லாவற்றிலும் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும், அந்த ஈரத்தில் கறள் வேகமாக ஓடும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வறட்சி அதிகம், பேணி தப்பும். மாரி தொடங்கினால் தப்பாது.

ஆகவே வெட்டிய அன்றைக்கே விளிம்பையும் துளைகளையும் மூடிவிடுங்கள். பெயின்ற் அடிக்க நேரமில்லை என்றால் ஒரு துளி தேங்காயெண்ணெயாவது தடவி வையுங்கள், அடிக்கிற அன்றைக்குக் கழுவிக்கொள்ளலாம். வெளியில் தொங்குகிற சாமானை இடைக்கிடை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் உப்புப் போகும். கறளே ஒரு நிறம்தான் என்று அப்படியே விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணுக்கு வடிவுதான், ஆனால் வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் முதல் மழைக்கே கோடு கோடாக வடியும்.

8. என்ன பெயின்ற் நல்லது? அடிச்ச பெயின்ற் தோல் மாதிரி உரிஞ்சு வருது.

உரிவதற்குக் காரணம் மூன்றில் ஒன்று: எண்ணெய்ப் பிசுக்கு, தேய்க்காத வழுவழுப்பு, அல்லது சுவருக்கு அடிக்கிற எமல்ஷன். எமல்ஷனில் தண்ணீர் இருப்பதால் வெட்டிய இடங்களில் பெயின்ற் காய முதலே கறள் புள்ளி எழும்பும்.

கழுவிக் காய்ந்த பேணியைச் சான்ட் பேப்பரால் பளபளப்புப் போகும்வரை மட்டும் தேயுங்கள். வெள்ளீயத்தைச் சுரண்டி எடுக்கும் அளவுக்கு வேண்டாம். பிறகு கறளைத் தடுக்கும் அடிப்பூச்சை ஹாட்வெயார் கடைகளில் அன்ரிகொரோசிவ் என்று கேட்டு வாங்கி ஒரு மெல்லிய பூச்சு. அது நன்றாகக் காய்ந்த பின் எனாமல், மெல்லிதாக இரண்டு தரம். தடிப்பாக ஒரு தரம் அடிப்பது பெயின்றையும் வீணாக்கும், வேலையையும் கெடுக்கும். மாரியில் அடிப்பதானால் மழை விட்ட நாளில், வெயில் ஏறின பிறகு அடியுங்கள்.

9. ஆணியால ஓட்டை போட்டா பேணி நசிஞ்சு போகுது. கடையில விக்கிற விளக்குக்கூடு மாதிரி எப்பிடிச் செய்யிறது?

பேணி வெறுமையாக இருப்பதால்தான் நசிகிறது. உள்ளே ஏதாவது இறுக்கமாக நின்றால் ஆணி சுவரை மட்டும் துளைக்கும். அதற்கு மிக நல்லது ஐஸ். பேணியில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் விட்டு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வையுங்கள். முழுக்க நிரப்ப வேண்டாம். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும், இடமில்லாவிட்டால் அடித்தட்டைத் தள்ளி வட்டமாக்கிவிடும், பிறகு பேணி நேராக நிற்காது. கல்லாக உறைந்ததும் எடுத்து, பழைய துவாயைச் சுருட்டி அதன்மேல் படுக்கவைத்து அடியுங்கள். துவாய் உருளாமல் பிடிக்கும், உருகுகிற தண்ணீரையும் குடிக்கும்.

ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் கடற்கரை மணலை நனைத்து, கரண்டிக்காம்பால் குத்திக் குத்தி இறுக நிரப்பி வாயை ஒரு பலகைத் துண்டால் அடைத்துக் கட்டுங்கள். ஐஸ் அளவுக்கு வராது, ஆனால் வேலை நடக்கும். முடிந்ததும் உப்புப் போகக் கழுவ மறக்க வேண்டாம்.

வடிவத்துக்கு நாங்கள் எடுப்பது புள்ளிக் கோலம். பேணியின் சுற்றளவுக்குக் கடதாசி வெட்டி அதில் கோலத்தின் புள்ளிகளையும், கோடு போகும் வழியில் சின்னப் புள்ளிகளையும் குறித்துப் பேணியில் சுற்றி ஒட்டுகிறோம். பெரிய புள்ளிக்குத் தடித்த ஆணி, கோட்டுக்கு மெல்லிய ஆணி. முதலில் எல்லாப் புள்ளிகளிலும் ஒரு தட்டுத் தட்டி அடையாளம் வைத்துவிட்டுப் பிறகு துளையுங்கள். ஒரே இடத்தில் நெருக்கமாகக் குத்தினால் துளைகள் சேர்ந்து கிழியும். ஒரு நெல்லளவு தகரமாவது இடையில் நிற்க வேண்டும். ஐஸ் உருகினபிறகு உள்ளே கையை விடாதீர்கள், ஒவ்வொரு துளையும் உள்ளே ஒரு முள். அரைவட்ட அரத்தை உள்ளே விட்டுத் தேய்த்த பிறகு 7ஆம் பதிலில் சொன்னபடி அன்றைக்கே மூடுங்கள்.

கார்த்திகை விளக்கீட்டுக்குப் படலையடியில் வரிசையாக வைத்துப் பாருங்கள். பேணிச் சுவர் காற்றைத் தடுத்துச் சுடரைக் காக்கும், துளைகள் வழியே நிலத்தில் கோலம் வெளிச்சமாக விழும். எங்கள் வீதியில் இதையே வெசாக்குக்கும் நத்தாருக்கும் தொங்கவிடுகிறார்கள்.

10. அதுக்குள்ள மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டால் விளக்காகுமே?

ஆகும், ஆனால் செய்ய வேண்டாம். உயரமான, பாரமில்லாத பேணி தட்டுப்பட்டால் விழும். விழுந்தால் மூடி கழன்று எண்ணெய் முழுவதும் நெருப்போடு பரவும். இந்த நாட்டில் குப்பி விளக்கு விழுந்து எரிந்தவர்கள், அதிலும் பெண்களும் பிள்ளைகளும், கொஞ்சப் பேர் இல்லை. அப்படி எரிகாயத்தோடு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான, பாரமான, உருளாதபடி பக்கங்கள் தட்டையான, திருகு மூடி உள்ள கண்ணாடி விளக்கொன்றை உருவாக்கினார். அதற்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விழுந்தாலும் உருளாமல் கொட்டாமல் இருக்க அவர் கொடுத்த குணங்களில் ஒன்றுகூட மீன் ரின்னில் இல்லை.

நமது பேணிக்குள் அடியில் இரண்டு விரற்கடை மணல் போட்டு, மேலே குட்டை மெழுகுதிரி அல்லது தேங்காயெண்ணெய் விட்ட சின்ன மண் சுட்டி வையுங்கள். மணல் பாரமும் கொடுக்கும், அடி சுடாமலும் காக்கும். தூக்கும் கம்பி சுடும், அதில் ஒரு மரத்துண்டு கோத்துவிடுங்கள். கரண்டில்லாத இரவுக்குப் பிள்ளைகள் படிக்க என்றால் பேட்டரியில் எரிகிற சின்ன எல்.ஈ.டி. வைப்பதே சரி.

11. பூக்கண்டு வைச்சன், செத்துப் போச்சு. தகரத்தில செடி வராதா?

வரும். செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் சூடு, இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கியது. ஆனி, ஆடி வெயிலில் தகரச் சுவர் கொதிக்கும், சுவரோடு ஒட்டிய வேர் அவிந்து போகும். உள்ளே சுற்றிவரத் தும்பு ஒரு விரல் தடிப்புக்கு வைத்து நடுவில் மண் போடுங்கள். காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கம் வையுங்கள். வெளிப்பக்கத்துக்கு வெள்ளை அடித்தாலும் சூடு குறையும்.

அடியில் நாலைந்து துளை, ஆணியை உள்ளேயிருந்து வெளியே அடித்தது. அப்போது முள் வெளியே நிற்கும், தண்ணீர் தடையில்லாமல் இறங்கும். கற்றாழை, புதினா, வல்லாரை நன்றாக வரும். கறிவேப்பிலை, தூதுவளை போன்றவற்றுக்குப் பேணி சிறியது.

என் விருப்பம் கேட்டால் பேணியை நாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மேலும் கீழும் இரண்டு மூடியையும் வெட்டிக் குழாயாக்கி, ஒரு தட்டில் நிறுத்தி மண் நிரப்பி மிளகாய், கத்தரி விதை போடுங்கள். நடும்போது கீழேயிருந்து தள்ளினால் வேர் கலையாமல் மண்ணோடு வரும். கறள் பிடிக்க முதல் அதன் வேலை முடிந்துவிடும், கழுவி அடுத்த போகத்துக்கு எடுக்கலாம்.

12. பீ.எச்.ஐ. ஐயா வந்து பேணி எல்லாத்தையும் எறியச் சொன்னார். கைவேலைக்கு எண்டால் வைச்சிருக்கலாமா?

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னது சரி. டெங்கு நுளம்பு முட்டையிடத் தேடுவது இப்படியான சின்னப் பாத்திரத்தில் தேங்கும் தெளிந்த தண்ணீரைத்தான். முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்ததும், அந்த மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடும் நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, நுளம்பு பெருகக்கூடிய வெறும் பேணி, போத்தல், சிரட்டை போன்றவற்றை வளவிலிருந்து அகற்றுவது அங்கே இருப்பவரின் கடமை.

கைவேலைக்குச் சேர்ப்பதானால் கூரைக்குக் கீழே, கழுவிக் காய்த்து, கவிழ்த்து, மூடிய பெட்டியில் வையுங்கள். செய்து முடித்த சாமானும் அப்படித்தான். வெளியில் நிற்கிற எதற்கும் அடியில் துளை இருக்க வேண்டும். பூப்பேணிக்குக் கீழே வைக்கிற தட்டு இன்னும் மோசம், அதை எடுத்துவிட்டு இரண்டு செங்கல் துண்டில் நிறுத்துங்கள். ஏற்கனவே மழையில் கிடந்த பேணியை வெறுமனே கவிழ்த்து ஊற்றாமல் உட்சுவரைப் பிரஷால் உரஞ்சிக் கழுவுங்கள், முட்டை அங்கேதான் இருக்கும். துளையில்லாத பூப்பேணியை நான் யாருக்கும் கொடுப்பதில்லை, எவ்வளவு வடிவாக இருந்தாலும்.

13. சீனி, பருப்பு, மிளகாய்த்தூள் போட்டு வைக்கலாமா?

மூடி இறுக்கமான பால்மா, தேயிலைப் பேணிகளில் உலர்ந்த சாமான் எதையும் வைக்கலாம். அரிசி அளக்கிற சுண்டாகப் பல வீடுகளில் இருப்பதே ரின்பால் பேணிதான். உப்பும் புளியும் ஊறுகாயும் மட்டும் வேண்டாம், அவை தகரத்தைத் தின்னும். உள்ளே கறள் தெரிந்த பேணியைக் குசினியிலிருந்து ஆணிப்பெட்டிக்கு மாற்றுங்கள்.

ஊரில் பரணில் கிடக்கும் மிகப் பழைய பேணிகளில் பக்கப் பொருத்துத் தடிப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் அது காரீயம் கலந்து பற்றவைத்தது. 1810இல் தகரப் பேணிக்குக் காப்புரிமை வந்த காலத்திலிருந்து வெகுநாள் அப்படித்தான் பொருத்தினார்கள். இப்போது மின்சாரத்தால் ஒட்டுகிறார்கள், பொருத்து மெல்லிய கோடாகத் தெரியும். பழையதை அலங்காரத்துக்கு வைக்கலாம், சாப்பாட்டுக்கு வேண்டாம்.

14. அப்ப அதிலயே புட்டு அவிக்கலாமா? கேக்கும் சுடலாமெண்டு வீடியோவில பார்த்தன்.

இரண்டும் ஒன்றில்லை. பேணியின் உட்புறம் ஒரு மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கும். மீனை ரின்னில் அடைத்த பிறகு 120 பாகை செல்சியஸ் அளவில் அவிப்பார்கள், அந்தச் சூட்டை அது தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். புட்டு நீராவி 100 பாகை. ஆகவே சூடு பிரச்சினையில்லை. பிரச்சினை அடியில் நீங்கள் குத்தும் துளைகள். அங்கே பூச்சுப் போய்விடும், ஒவ்வொரு நாளும் ஈரம் படும், கறள் புட்டோடு வரும். சிரட்டையில் அவியுங்கள், ருசியும் அதில்தான்.

கேக் வேறு கதை. அவணுக்குள் 180 பாகைக்கு மேல் போகும், அடுப்புத் தணலில் இன்னும் கூடும். உட்பூச்சும் வெளியில் அச்சடித்த நிறமும் அந்தச் சூட்டுக்குச் செய்தவை இல்லை. வெள்ளீயமே 232 பாகையில் உருகிவிடும். கேக்குக்கு அதற்கென்று விற்கிற தட்டையே எடுங்கள்.

15. பாம் டப்பி, மிட்டாய்ப் பேணி மாதிரிச் சின்னதுகளில என்ன செய்யலாம்? எறியவும் மனமில்லை.

சின்னப் பேணிதான் என் விருப்பம், விளிம்பு வேலை இல்லை, மூடி தானாகவே இருக்கிறது. ஊசி, நூல், பொத்தான் வைக்கிற தையல் பேணி. பள்ளிக்கூடப் பைக்குள் போகிற பிளாஸ்ரர், பஞ்சு, ஊக்குப் பேணி. பொலிஷ் டப்பியில் மிஞ்சிய மெழுகை மண்ணெண்ணெயால் துடைத்துச் சவர்க்காரம் போட்டால் சுத்தமாகும்.

பயன்பாட்டில் எல்லாவற்றையும் விஞ்சுவது தூண்டில் பேணி. பிணைச்சல் வைத்த மிட்டாய்ப் பேணியின் அடியில் பழைய ரப்பர் செருப்பை அளவாக வெட்டி ஒட்டுங்கள். அதில் தூண்டில்களைப் பருமன் வரிசையில் குத்தி, மூடியின் உட்பக்கம் தங்கூசி நூலைச் சின்ன வளையமாகச் சுற்றி வைத்து ஒட்டுநாடா போடுங்கள். ஒரு மூலையில் சோக்குத் துண்டு, அது ஈரத்தை இழுக்கும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்துறைமுகப் பக்கம் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான பெட்டி நான் பார்த்ததில்லை. கடலில் நனைந்து வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பிணைச்சலில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள்.

16. ஒட்டினது எல்லாம் வெயிலில கழண்டு விழுது. என்ன பசை?

சூட்டில் உருக்கி ஒட்டுகிற பசைக்குச்சி, வெயிலிலும் இளகும். தகரம் வெயிலை இழுப்பதால் இன்னும் வேகமாக. வெளியில் வைக்கிற சாமானுக்கு இரண்டு ரியூப்பில் வருகிற எபொக்சிப் பசையே நிற்கும். இரண்டையும் சொன்ன அளவில் கலந்து, ஒட்டுமிடத்தைச் சான்ட் பேப்பரால் கீறல் விழத் தேய்த்து, ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள்.

இரும்போடு இரும்பு என்றால் ஈயம் பற்றவைக்கலாம். வெள்ளீயப் பூச்சு இருப்பதால் தகரப் பேணியில் ஈயம் தண்ணீர் மாதிரி ஓடிப் பிடிக்கும். ரேடியோ திருத்துகிறவர்களிடம் ஒரு நாள் நின்று பார்த்தால் பழகிவிடலாம். கடையில் விற்கிற கம்பியில் பெரும்பாலும் காரீயம் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள், சாப்பாட்டுப் பேணிக்குச் செய்யாதீர்கள். நாகம் பூசிய கூரைத் தகட்டை நெருப்பில் காய்ச்சவே கூடாது. அந்தப் புகை குளிரும் காய்ச்சலும் கொண்டுவரும்.

17. எத்தனை வயசில இருந்து பிள்ளையளை விடலாம்?

வயதைவிடப் பிள்ளையின் கை எப்படி என்று பாருங்கள். வெட்டும் மடிப்பும் பெரியவர் வேலை. 3ஆம் பதிலில் சொன்ன பஞ்சுச் சோதனை முடிந்த பேணியைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்து நிறம் தீட்ட, நூல் சுற்ற, ஓலை பின்ன விடலாம். இரண்டு பேணியின் அடியில் துளையிட்டு நூலால் இணைத்த ரெலிபோன், நூலை இறுக்கிப் பிடித்தால் மட்டுமே பேசும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். பேணிகளை அடுக்கிப் பந்தடிக்கிற பேணிப்பந்துக்கும் மழுக்கின பேணிகளையே வையுங்கள்.

கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு ஊசித்துளைப் பெட்டி. பால்மாப் பேணியின் உட்புறம் கறுப்பு அடித்து, அடியின் நடுவில் மெல்லிய ஊசியால் ஒரு துளை. வாய்ப் பக்கம் எண்ணெய் தடவிய மெல்லிய தாளை இழுத்துக் கட்டி, வெளிச்சம் புகாமல் தலையில் துணி போர்த்துக்கொண்டு, துளை வெயிலான வீதியைப் பார்க்கப் பிடியுங்கள். தென்னைமரமும் ஓட்டோவும் தலைகீழாகத் தாளில் ஓடும். ஒளி நேர்கோட்டில் போகிறது என்று புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு அது கண்முன்னே நிற்கும். இதன் வழியாகச் சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது என்று முதலே சொல்லிவிடுங்கள்.

18. செய்து வித்தா காசு வருமா?

மே முதல் செப்ரெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக்கு வெளிநாட்டு ஆக்கள் வருகிற காலத்தில் 9இல் சொன்ன விளக்குக்கூடுகள் போகும். விலை போடும்போது பேணி சும்மா வந்தது என்று உங்கள் நேரத்தையும் சும்மா ஆக்காதீர்கள். பெயின்ற், பசை, சான்ட் பேப்பர், செலவழித்த மணித்தியாலம் எல்லாவற்றையும் எழுதி வைத்துக் கணக்குப் பாருங்கள். விமானத்தில் கொண்டுபோகிறவர்கள் பாரத்தையும் கூர் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள், சின்னதாக, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி செய்தால் வாங்குவார்கள்.

19. வெட்டின துண்டுகளை எங்க போடுறது?

குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். எடுக்க வருகிற தொழிலாளியின் கையைக் கிழிக்கும். வீதியில் விட்டால் மாடு மேயும், கோட்டையிலிருந்து இறங்கி வரும் மான்களும் குப்பைக்குள் மூக்கை விடும். ஒரு பழைய மீன் ரின்னையே துண்டுப் பேணியாக வைத்து, வெட்டும்போதே அதில் போட்டு வாருங்கள். நிரம்பினதும் வாயைக் குறட்டால் நசித்து மூடி, சுத்தியலால் தட்டையாக்கினால் ஒரு கூரும் வெளியே இல்லை. பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் தகரத்தையும் அலுமினியத்தையும் தனித்தனியாகக் கொடுங்கள். அலுமினியத்துக்கு விலை கூட.